அரிசோனா பாலைவனத்தில் ஆர்.வி. தங்கல், பறவைகள், மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாகக் குளிர்கால முடிவில் நாங்கள் டூசான் நகருக்கு வடக்கே உள்ள கேட்டலினா ஸ்டேட் பார்க்கில் ஆர்.வி.யோடு, அதாவது படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியோடு, போய்த் தங்குகிறோம். திரும்பி வந்ததும் நண்பர்கள் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து நாள் கிடைத்தால் ஐந்து நாளும் ஒரே இடத்தில் தங்குங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

பாலைவனம் என்றால் வெறும் மணல்தானே? அங்கே ஐந்து நாள் என்ன செய்வது?

டூசானைச் சுற்றி இருக்கும் சொனோரன் பாலைவனம் மணல்மேடு அல்ல, முள்காடு. டூசானில் வருடத்துக்குச் சுமார் 11 அங்குலம் மழை பெய்கிறது. குளிர்காலத்தில் சாந்தமாக ஒரு மழை, கோடையில் இடியோடு இன்னொரு மழை என்று இரண்டு மழைக்காலம் உண்டு. அதனால்தான் மரங்களும் கள்ளிகளும் இவ்வளவு அடர்த்தியாக நிற்கின்றன. மெஸ்கீட் மரத்தைப் பார்த்ததும் நமக்குப் பழகிய முகம் போலத் தோன்றும், ஏனென்றால் அது சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. சப்பாத்திக் கள்ளியும் வழியெல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே தூண் தூணாக நிற்பதுதான் சுவாரோ கள்ளி. உலகத்திலேயே இந்த ஒரு பாலைவனத்தில்தான் இது தானாக வளர்கிறது. முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம்கூட வளராது. கை முளைக்க 50 முதல் 75 வருடம் ஆகும். கேட்டலினா பார்க்கில் மட்டும் ஏறக்குறைய 5,000 சுவாரோ இருக்கின்றன. நிலம் 5,500 ஏக்கர், இதுவரை பதிவான பறவை இனங்கள் 150க்கு மேல். ஐந்து நாள் போதாது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பறவைக்காகவே போகிறவர்களுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை சிறந்தது. குளிர்காலப் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, கோடைப் பறவைகள் வரத் தொடங்கியிருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால் மார்ச்சில் தரை முழுக்கப் பூ. சுவாரோ பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் போக வேண்டும். ஆனால் அப்போது பகல் வெயிலில் மலையேற்றம் நடக்காது. ஜூன், ஜூலையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

குளிரையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரி இரவில் சில நாள் உறைநிலைக்கே போகும். அப்படி முன்னறிவிப்பு வந்தால் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு, வெளியே மாட்டியிருக்கும் ரப்பர் தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

எங்கே தங்குவது? இடம் கிடைக்குமா?

கேட்டலினாவில் மின்சாரமும் தண்ணீரும் உள்ள 120 இடங்கள் இருக்கின்றன. தார் போட்ட தளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை, நடந்து போகும் தூரத்தில் வெந்நீர்க் குளியலறை. வண்டியின் நீளத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. அதிகபட்சம் 14 இரவு தங்கலாம். அரிசோனா மாநிலப் பூங்காக்களின் இணையதளத்தில் ஒரு வருடம் முன்பே பதிவு திறந்துவிடும், பிப்ரவரி மார்ச் வார இறுதிகள் சீக்கிரம் போய்விடும். கிடைக்கவில்லையா? ஞாயிறு முதல் வியாழன் வரை தேடுங்கள். ரத்தாகும் இடங்கள் அடிக்கடி வரும், தினமும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

டூசானுக்கு மேற்கே கில்பர்ட் ரே என்ற முகாமும் நல்ல இடம். அங்கே மின்சாரம் உண்டு, தண்ணீர் பொதுக் குழாயில்தான் பிடிக்க வேண்டும். நீளமான வண்டியோடு அங்கே போகிறவர்கள் கேட்ஸ் பாஸ் கணவாய் வழியை வரைபடம் காட்டினாலும் அதில் திரும்பாதீர்கள். ஆஹோ வே, கின்னி சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும்.

இன்னொரு விஷயம்: தேசியப் பூங்காக்களின் வருடாந்திர அனுமதி அட்டை மாநிலப் பூங்காவில் செல்லாது. வாசலில் போய் நின்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான் ஆர்.வி. ஓட்டியதே இல்லை. என்ன வண்டி எடுக்கலாம்?

முதல் தடவைக்கு 25 அடிக்குள் உள்ள கிளாஸ் சி மோட்டார்ஹோம் எடுங்கள். முன்புறம் வேன் மாதிரிதான் இருக்கும், வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும். பீனிக்ஸ் விமான நிலையத்திலிருந்து பார்க்குக்குச் சுமார் இரண்டு மணி நேர ஓட்டம், பெரும்பாலும் நேர் சாலை. அகலத்தைவிட உயரம்தான் மறந்துபோகும். பெட்ரோல் பங்க் கூரை, தாழ்ந்த மரக்கிளை இரண்டையும் கவனியுங்கள். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னோக்கி இடத்தில் நிறுத்தும்போது கூட வந்தவர் கண்டிப்பாக இறங்கி நின்று வழி காட்ட வேண்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கரன்ட், தண்ணீர், கழிவு எல்லாம் எப்படி?

சின்ன வண்டிகளுக்கு 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,600 வாட். ஏ.சி., மைக்ரோவேவ், மின்கெட்டில் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். முதல் நாளே எல்லோரும் ஒரு தடவை விழ வைப்பார்கள், பயப்பட வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

கழிவுக்கு இரண்டு தொட்டி உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் சாம்பல் தொட்டிக்குப் போகும், கழிவறை கறுப்புத் தொட்டிக்குப் போகும். கேட்டலினாவில் இடத்திலேயே சாக்கடை இணைப்பு கிடையாது. பூங்காவுக்குள் பொதுவாகக் கழிவு இறக்கும் நிலையம் இருக்கிறது, கிளம்பும்போது அங்கே நிறுத்திக் காலி செய்ய வேண்டும். முதலில் கறுப்பு, அப்புறம் சாம்பல். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். பூங்காவின் குளியலறையையே பயன்படுத்தினால் ஐந்து நாளுக்குத் தொட்டி தாராளமாகத் தாங்கும்.

வெளிக்கூரை பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் பக்கவாட்டில் விரியும் அந்தத் துணிக் கூரையைத் திறந்து வைத்துவிட்டு எங்கேயும் போகாதீர்கள். முதல் வருடம் நாங்கள் காற்றே இல்லாத காலையில் அதை விரித்துவிட்டு நடக்கப் போனோம். மதியம் வந்து பார்த்தால் கம்பி வளைந்து துணி கூரைமேல் கிடந்தது. பாலைவனக் காற்று அரைமணியில் எழுந்து அரைமணியில் அடங்கிவிடும்.

ஒரே இடத்தில் ஏன் உட்காரச் சொல்கிறீர்கள்? ஆர்.வி. எடுப்பதே ஊர் சுற்றத்தானே?

ஆர்.வி.யை ஊர் சுற்றும் வாகனமாக நினைத்தால் பாதி நாள் ஓட்டுவதிலும், இணைப்பைப் போட்டுக் கழற்றுவதிலும் போய்விடும். இங்கே அதை ஒரு திண்ணையாக நினையுங்கள். விடியற்காலை ஆறரை மணிக்குக் காப்பியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் முதல் நாள் பத்துப் பறவை கண்ணில் படும். இரண்டாம் நாள் அதே பத்துப் பறவை அதே வழியில் வருவது தெரியும். மூன்றாம் நாள் யார் யாருடைய ஜோடி, எந்தச் செடியில் கூடு, எந்தக் கிளை யாருக்குச் சொந்தம் என்பதே புரிய ஆரம்பிக்கும். இந்த மூன்றாம் நாளுக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போகிறேன்.

எனக்குக் காக்கா, குருவியைத் தவிர எதுவும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வாருங்கள். பாலைவனம் தொடக்கக்காரருக்கு ரொம்ப நல்ல இடம். இலை குறைவு, பறவை மறைய முடியாது. 8x42 பைனாகுலர் ஒன்று இருந்தால் போதும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியைப் போனில் இறக்கி, அந்தப் பகுதிக்கான தொகுப்பையும் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். குரலைக் கேட்டுப் பெயரைச் சொல்லும். சொன்னதை அப்படியே நம்பாமல் கண்ணாலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

முதல் நாள் இந்த ஐந்தை மட்டும் பழகுங்கள், போதும். ஸ்டார்ட் ஆகாத பழைய கார் மாதிரி கரகரவென்று இழுத்தால் அது கள்ளிக் குருவி, அரிசோனாவின் மாநிலப் பறவை. முள்ளிலேயே மோசமான முள் சோய்யா கள்ளி. அதன் நடுவில்தான் இது பந்துபோலக் கூடு கட்டும். யாரோ ஆளைக் கூப்பிட விசில் அடிப்பதுபோல் ‘விட்-வீட்’ என்று கேட்டால் வளைந்த அலகு திராஷர். நெற்றியில் கமா போட்டதுபோல் ஒற்றைக் கொண்டையோடு கூட்டமாகத் தரையில் ஓடுவது கேம்பல் காடை. சுவாரோ உச்சியில் உட்கார்ந்து சத்தம் போடுவது ஹீலா மரங்கொத்தி. முகாம் சாலையில் நீள வாலை ஏற்றி இறக்கிக்கொண்டு ஓடுவது ரோட்ரன்னர். அது குயில் குடும்பம், நம் செம்போத்தின் உறவு. ஓடிவந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பதில் இரண்டுக்கும் ஒரே சாயல்.

அப்புறம் ஃபைனோபெப்லாவைத் தேடுங்கள். பளபளக்கும் கறுப்பு உடம்பு, சிவப்புக் கண், கூரான கொண்டை. மெஸ்கீட் மரத்தில் புல்லுருவி கொத்தாகத் தொங்கும் இடத்தில் அது இருக்கும். புல்லுருவிப் பழம்தான் அதன் முக்கிய உணவு. எச்சத்தோடு பிசுபிசுவென்று விழும் விதை இன்னொரு கிளையில் ஒட்டி அங்கே புதுப் புல்லுருவியாக முளைக்கும். அதற்கு வேண்டிய தோட்டத்தை அதுவே போட்டுக்கொள்கிறது.

சுவாரோவில் வட்ட வட்டமாக ஓட்டை இருக்கிறதே, அது நோயா?

இல்லை, வீடு. ஹீலா மரங்கொத்தியும் கில்டட் ஃபிளிக்கர் என்ற இன்னொரு மரங்கொத்தியும் குடைந்தவை. குடைந்தவுடன் அதில் குடிபோக முடியாது, உள்ளே ஈரமாக இருக்கும். கள்ளி தன் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அது காய்ந்து இறுக மாதக் கணக்கில் ஆகும். கள்ளி செத்துச் சதையெல்லாம் மக்கிப் போன பிறகும் அந்த ஓடு மட்டும் தரையில் ஒரு பழைய செருப்பு மாதிரி கிடக்கும். ‘சுவாரோ பூட்’ என்றே அதைச் சொல்கிறார்கள். பார்த்தால் கையில் எடுத்துப் பாருங்கள், திரும்ப அங்கேயே வையுங்கள். வெளிப்புறம் மரப்பட்டைபோலச் சொரசொரப்பாக இருக்கும், உள்ளே வழவழவென்று இருக்கும்.

மரங்கொத்தி விட்டுப்போன வீட்டுக்கு வாடகைக்காரர்கள் பலர். அதில் எனக்குப் பிடித்தது எல்ஃப் ஆந்தை. எடை சுமார் 40 கிராம்தான், உலகிலேயே எடை குறைந்த ஆந்தை. குளிர்காலத்தை மெக்சிகோவில் கழித்துவிட்டு மார்ச்சில் வரத் தொடங்கும். இருட்டியதும் ஓட்டை வாசலில் முகத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். பூச்சியும் தேளும் அதன் சாப்பாடு. தயவுசெய்து போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்காதீர்கள். கூடு காக்கிற நேரத்தில் எதிரி வந்துவிட்டதென்று அது பதறி வரும். அரைமணி அமைதியாக நின்றாலே தானாக வெளியே வரும்.

எந்தப் பாதையில் நடக்கலாம்?

முதல் நாள் பறவைப் பாதை, ஒரு மைல் சுற்று. இரண்டாம் நாள் ரோமெரோ இடிபாடுகள். முக்கால் மைல்தான், ஆனால் நின்று நின்று போகிற இடம். ஹோஹோகம் என்ற பழங்காலப் பூர்வகுடி மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர் அது. அப்புறம் 1800களில் ரோமெரோ என்ற பண்ணைக்காரர் அதே மேட்டில் குடியேறினார். இரண்டு காலத்துச் சுவர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மூன்றாம் நாள் கேன்யன் சுற்று, 2.3 மைல், படிக்கட்டு ஏற்றம் ஒன்று உண்டு.

கால் பழகியபின் ரோமெரோ குளங்கள். போக 2.8 மைல், வர 2.8 மைல். முதல் ஒரு மைல் சுலபம், அதற்கப்புறம் நிழலே இல்லாத பாறை ஏற்றம். உச்சியில் பாறைக்குள் குளம் குளமாகத் தண்ணீர், மழை பொய்த்த வருடத்தில் அதுவும் குறைவு. விடிந்ததும் கிளம்பினால் பத்து மணிக்குள் தண்ணீரில் கால் வைக்கலாம். வழியில் எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் அலசுங்கள். பெருங்கொம்பு மலையாடுகள் 1990களில் இந்த மலையிலிருந்து மறைந்துவிட்டன, 2013இல் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். மேல்மலையில் 2020 காட்டுத்தீயின் கருகிய தடம் இன்னும் அங்கங்கே தெரியும்.

எவ்வளவு தண்ணீர்? முள் குத்தினால்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். நடக்கும்போது பாதித் தண்ணீர் தீர்ந்தால் எங்கே இருந்தாலும் திரும்புங்கள், குளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை வந்த சுவடே இல்லாமல் காய்ந்துவிடும். அதனால் தாகம் பிந்தித்தான் தெரியும். உப்பு சேர்ந்த தின்பண்டமும் எடுத்துப் போங்கள்.

சோய்யா கள்ளியின் துண்டு உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். ஒரு தலைவாரும் சீப்பைப் பையில் வையுங்கள். துண்டுக்கும் தோலுக்கும் நடுவே சீப்பைச் செருகி வெளிப்பக்கமாகச் சுண்டிவிட்டால் மொத்தமாகப் போய் விழும். மிச்சம் இருக்கும் முள்ளுக்கு ஒரு சின்னக் குறடு.

பாம்பு, தேள்?

சாரைப் பாம்பு இல்லை, கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. வெயில் இதமாகும் மார்ச்சிலிருந்து வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையோ காலையோ வைக்காதீர்கள், காதில் இயர்போன் போட்டு நடக்காதீர்கள். சத்தம் கேட்டால் நின்று, எங்கே என்று பார்த்து, பின்வாங்குங்கள். அது துரத்தாது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். தேளுக்குப் புறஊதா டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் தேள் பச்சையாக ஒளிரும். வெளியே விட்ட ஷூவை உதறாமல் போடாதீர்கள்.

உண்மையில் எங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது பேக்ராட் என்கிற காட்டெலிதான். ஒரு காலை பானெட்டைத் திறந்தால் பேட்டரி பக்கத்தில் மெஸ்கீட் குச்சியும் சோய்யா முள்ளுருண்டைகளும் அழகாக அடுக்கி வைத்திருந்தது. ஒரே இரவு வேலை. விட்டிருந்தால் வயரைக் கடித்திருக்கும். அன்றிலிருந்து இரவில் பானெட்டைத் திறந்தே வைத்து, அடியில் ஒரு சின்ன விளக்கும் போடுகிறோம். இருட்டும் ஒதுக்கும் இல்லாத இடம் அதற்குப் பிடிக்காது.

ஓடையில் தண்ணீரே இல்லையே, அதில் நடக்கலாமா?

வறண்ட மணல் ஓடைகளை அங்கே ‘வாஷ்’ என்பார்கள். நடக்கலாம், பறவைகளும் அங்கேதான் அதிகம். ஆனால் மலைமேல் கருமேகம் தெரிந்தால் உடனே கரைக்கு ஏறிவிடுங்கள். உங்கள் தலைக்குமேல் ஒரு துளி விழாமலேயே வெள்ளம் வரும். பாதைகள் சதர்லேண்ட் ஓடையைக் கடந்துதான் போகின்றன, மழைக்குப் பிறகு ஓடும் தண்ணீரில் இறங்குவதைவிட அடுத்த நாள் வரை காத்திருப்பது மேல். வண்டியோடும் அப்படித்தான். தடுப்பு வைத்த சாலையில் வெள்ளத்துக்குள் ஓட்டி மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது.

நாயைக் கூட்டிப் போகலாமா?

முகாமிலும் கீழ்ப் பாதைகளிலும் கயிற்றோடு கூட்டிப் போகலாம். ரோமெரோ குளங்களுக்குப் போகும் வழியில் மலையாடு பாதுகாப்பு எல்லை வரும், அதற்கு மேல் நாய்க்கு அனுமதி இல்லை. இரவில் வெளியே கட்டிப் போடாதீர்கள். ஹாவலீனா என்ற காட்டுப்பன்றி போன்ற விலங்கு கூட்டமாக வரும், நாயைக் கண்டால் அதற்கு ஆகாது.

ஒரு நாள் மட்டும் வெளியே போவதானால்?

ஒரு கார் கையில் இருந்தால் மவுன்ட் லெம்மன். சுவாரோ காட்டில் தொடங்கும் சாலை, 9,000 அடிக்கு மேல் உயரமான அந்த மலையின் மேற்பகுதியில் பைன், ஃபர் காட்டில் முடியும். கீழே வெறும் சட்டை, மேலே பனி. பறவைகளும் மொத்தமாக மாறிவிடும். மலைப்பாதை வளைவுகள் அதிகம், ஆர்.வி.யில் முயல வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் டூசானில் உள்ள ஸ்வீட்வாட்டர் ஈரநிலம். நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரில் உருவான குளங்கள், வாத்தும் சிவப்பு வெர்மிலியன் ஈபிடிப்பானும் பத்தடி தூரத்தில் பார்க்கலாம்.

கிளம்பும் நாளில் எதை மறக்கக் கூடாது?

மின்சாரத்தில் முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டு அப்புறம் வயரைப் பிடுங்குங்கள். தண்ணீர்க் குழாய், வெளிக்கூரை, படி, கூரை ஜன்னல் என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் தொட்டுப் பாருங்கள். பானெட்டுக்குள் குச்சி ஏதும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சினைப் போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஐந்து நாளாக அந்த நிழல் அங்கேயே இருந்திருக்கிறது, காட்டு முயல் ஒன்று அதற்குப் பழகியிருக்கும். அது தானாக எழுந்து போகும்வரை இரண்டு நிமிடம் பொறுங்கள்.